ஒதுக்கி வைத்த சோறு

பளையில் நிறுத்தியிருக்கலாம்.
பளையில் மூன்று கடை. மூன்றிலும் அடுப்பு எரிந்தது.
வாசலில் ஒரு வாகனமும் இல்லையே என்றான் கேதீஸ்,
ஆக்கள் சாப்பிடாத கடையில்
நாங்கள் ஏன் சாப்பிடுவான்?

முகமாலையில் சிவப்புப் பலகை, மண்டையோடு.
அங்கே ஒருவரும் சோறு விற்பதில்லை.

எழுதுமட்டுவாளில் ஒரு கடை வாசலில்
ஆறு வாகனம், கல்யாண வீட்டுச் சனம் இறங்கின வான் ஒன்று.
இடம் பிடிக்க அரை மணித்தியாலம் போகும் என்றான்.
தயாளினி ஒன்றும் சொல்லவில்லை.
அவள் மடியில் வவுனியாவில் வாங்கின
கைகழுவும் பேசின்,
வெள்ளைப் பீங்கான், வைக்கோல் சுற்றினது.
ஒவ்வொரு பள்ளத்திலும் அதைப்
பிள்ளை மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை.
கேதீஸுக்குச் சைவக் கடை வேண்டும்.
தயாளினிக்கு மீன் வேண்டும்.
எனக்கு நிழலும் ஒரு கதிரையும் போதும்.
கைபேசியைத் தட்டிப் பார்த்தேன்.
நாலரை நட்சத்திரத்தோடு ஒரு கடை காட்டியது.
போய்ப் பார்த்தால் ரயர்க் கடை.
நின்ற பொடியன் சிரித்தான்:
"முந்திச் சாப்பாட்டுக் கடைதான் அக்கா,
இப்ப காத்து மட்டும்தான் குடுக்கிறம்."

மிருசுவில் போனது. ஒருவரும் கதைக்கவில்லை.
பத்து வருசத்துக்கு முந்தின ஒரு சண்டையை
வசனம் வசனமாக நினைத்துக்கொண்டு வந்தேன்.
பசியில் எனக்கு ஞாபகசக்தி கூடும்.

கொடிகாமம் தாண்டி
வேப்பமரத்தோடு சாய்ந்த ஒரு தகரக் கூரை.
சோடாக் கம்பனி குடுத்த பலகையில்
பெயர் எழுதுகிற இடம் மட்டும் வெறுமை.
நேரம் மூன்று பத்து.
எமல்டா, பேரைப் பிறகுதான் அறிந்தோம்,
சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.
"சோறு முடிஞ்சுது."
எங்கள் முகத்தைப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள்.
"பஸ் டிறைவருக்கும் கொண்டக்டருக்கும்
எடுத்து வைச்சது கிடக்கு.
ஒண்டரைக்கு வாற பஸ். இனி எங்கை வரப்போகுது,
இருங்கோ."

இரண்டு பேருடைய சோறு, மூன்று கோப்பை.
சிவப்பரிசி. முருங்கைக்காய்ப் பால்கறி,
வாழைப்பூ வறை, ஆறிப்போன சொதி,
ஒரு விளைமீன் தலை, ஒரு நடுத்துண்டு.
கேதீஸ் மரக்கறிப் பக்கமாகத் தொடங்கினான்.
பாத்தி உடைத்து மீன்குழம்பு
அவன் சோற்றுக்குள் இறங்கியதை
அவன் காணவில்லை.
நாங்களும் காணவில்லை.

அப்போதுதான் பஸ் வந்தது.

வாசலை அடைத்து நின்றது. டீசல் மணம்.
இறங்கின மனிசன் நேரே தன் மேசைக்கு வந்தார்.
அவருடைய கதிரையில் நான்.
என் கோப்பையில் அவருடைய மீன் தலை,
ஒரு கண் ஏற்கனவே இல்லை.
"பரந்தனிலை பெல்ட் அறுந்து போச்சு" என்று
எமல்டாவுக்குச் சொன்னார்,
என்னைப் பார்த்தபடி.

எழும்பப் போனேன்.
"இருங்கோ தங்கச்சி, தொட்ட சோத்தை விட்டிட்டு எழும்பக்கூடாது."
இரண்டு றோல்ஸ், ஒரு பிளேன்ரீ,
நின்றபடியே முடித்தார்.
கொண்டக்டருக்கு ஒரு வாழைப்பழம்.
யன்னல்களில் நாற்பது முகம்
நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக
நான் முள் எடுத்ததில்லை.

படியில் கால் வைத்தவர் திரும்பினார்:
"புளி காணுமோ?"
"காணும்."
"ம். நேற்றுக் காணாது."

கை கழுவ வாளியும் பேணியும் தந்தாள் எமல்டா.
பேசின் காருக்குள், வைக்கோலுக்குள்.
சோற்றுக்கு மட்டும் காசு எடுத்தாள்,
மீனுக்கு எடுக்கமாட்டன் என்றாள்,
அது அவற்றை கணக்காம்.

சாவகச்சேரியில் பஸ்ஸை நாங்கள் முந்தினோம்.
நாவற்குழிப் பாலத்தில் அது எங்களை முந்தியது,
தேவையே இல்லாத ஒரு ஹோர்னோடு,
நீளமாக.
கேதீஸ் ஓரம் ஒதுங்கி இடம் விட்டான்,
காலையிலிருந்து முதல் தடவையாக.
ஸ்ரேறிங் முழுக்க மீன் மணந்தது.