மூன்றாவது மணி

தூரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.
கல்மண்டபம் முனையில் திரும்பும்போதே
பஸ் நம்பரைச் சொல்லிவிடுவேன்.
துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களை
மொட்டைமாடியிலிருந்து எண்ணுவேன்,
ஒருநாளும் கணக்கு கூடியதில்லை.

ரிச்சி தெருவில், மேல்மாடிப் படிக்கட்டுக்கு அடியில்
என் மேசை.
எள்ளில் பாதி இருக்கும் ரெசிஸ்டர்
பதினொரு மணி வரை ஒன்று,
அப்புறம் ஒன்றரை,
டீ வரும்போது இரண்டு.
சாமணத்தை எதன்மேல் வைப்பது?
வைத்தது காற்றின்மேல்.

இடது கண்ணை மூடிக்கொண்டால் வேலை ஓடும்.
ஓடியது, ஒன்றரை வருஷம்.
கவுன்ட்டரில் நின்ற பையன் ஒருத்தன்
தனக்குத்தான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து
மறுநாள் நல்ல போனையே
ரிப்பேர் என்று கொண்டுவந்தான்.
கலிமுல்லா பாய் இருநூறு வாங்கிக்கொண்டு
'சரியாயிடுச்சு' என்று அனுப்பிவைத்தார்.

புருவத்துக்கு மேல் வலி.
சைனஸ் என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா.
தூக்கம் போதவில்லை என்றார் மெடிக்கல்காரர்.
கண்ணாடிக் கடையில், எழுத்துப் பலகையின்
கடைசி வரியைத் தாண்டி
அச்சகத்தின் விலாசம் வரை படித்துக் காட்டினேன்.
'உங்களுக்கு ஒண்ணுமே இல்ல மேடம்.'
அந்த ஒண்ணுமில்லாததற்கு தினம் ஒரு மாத்திரை.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்
பயிற்சிக்கு வந்திருந்த பெண், பெயர் தமயந்தி,
பேனாவை என் மூக்கை நோக்கி
மெதுவாய்க் கொண்டுவந்தாள்.
ஒரு ஜாண் தூரத்தில் பேனா இரண்டாய்ப் பிளந்தது.
வலது கண் பேனாவோடு இருந்ததாம்,
இடது நழுவி வெளியே போய்விட்டதாம்.
என் கண் போன இடம்
இன்னொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

'ரெண்டும் நல்ல கண்ணுதான்க்கா.
கிட்ட வரும்போது சேர்ந்து உள்ள திரும்ப மாட்டேங்குது.'
சீட்டில் கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்று எழுதினாள்.
தமிழில் குவிதல் குறைபாடு என்று வைத்துக்கொள்ளலாமாம்.
ரெண்டும் நல்லதுதான், சேர மாட்டேங்குது.
ஜெரால்டு வீட்டார் வந்து பேசி முடித்த அன்று
எங்கள் கூடத்திலும் இதே வாக்கியம்தான் தீர்ப்பு.
அதற்கு யாரும் பயிற்சி எழுதித் தரவில்லை.

இதற்குத் தந்தார்கள்: ஒரு நூல், மூன்று மணி.
அறுந்து கிடந்த செபமாலையிலிருந்து
மூன்றை எடுத்துக் கோத்தேன்.
மாதா கோபிக்கமாட்டாள்,
அவளும் ஒரு பிள்ளையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவள்.
ஒரு முனை ஜன்னல் கம்பியில்,
மறு முனை மூக்கு நுனியில்.

இனி வருவதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.
மணியைப் பார்த்தால் மணி ஒன்று, நூல் இரண்டு.
அந்த இரண்டும் மணியிலேயே குறுக்கிட வேண்டும்.
மணியைத் தாண்டிக் குறுக்கிட்டால்
கண்கள் இன்னும் வந்து சேரவில்லை.
'ஒரே நூலாத் தெரிஞ்சா சந்தோஷப்படாதீங்க' என்றாள் தமயந்தி.
ஒரு கண் வேலையை நிறுத்திவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம்.
ஜன்னல் பக்கத்து மணி முதல் நாளே வசப்பட்டது.
நடு மணிக்கு மூன்று வாரம்.
மூன்றாவது, மூக்கிலிருந்து நாலு விரற்கடை:
கண்ணில் நீர் முட்ட நான் முறைக்க
அது சேரும், ஒரு மூச்சு நிற்கும், பிரியும்.
ஜன்னலுக்குக் கயிறு கட்டி
மாறுகண்ணாய் விழிக்கும் ஒருத்தியைப் பார்த்துத்
தெருவில் போகிறவர்கள் நடையைக் கூட்டினார்கள்.

பதினோராவது வாரம்.
நாலு மணி டீ ஆறிக்கொண்டிருந்தது.
சாமணத்தின் நுனிக்குக் கீழே ரெசிஸ்டர்
ஒன்று.
இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தன.
பாயிடம் சொல்லவில்லை.
டீயைக் குடித்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

மூன்றாவது மணி இன்னும் முழுதாய் வசப்படவில்லை.
ஏழு சென்டிமீட்டருக்கு உள்ளே எல்லாம் இரண்டு.
ஜோவிட்டாவுக்கு அந்த எல்லை தெரியும்.
படுக்கையில் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு
'இப்ப எத்தனை நான்?' என்பாள்.
'ரெண்டு.'
'அதுல எது நிஜம்?'
இரண்டுக்கும் நடுவே கை நீட்டினேன்.
கன்னம் அங்கேதான் இருந்தது.