இரவலுக்குக் கட்டமில்லை

குளுகோர், நிதிப் பிரிவு, மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் பழுதாகி நாலு நாள்.
விசிறிக்குப் பறக்கும் தாள்களை
முழங்கையால் அமுக்கிக்கொண்டு
கோமளவல்லியின் துருவக் கணக்கைப் பார்க்கிறேன்.

சிலி நாட்டுக் கப்பலில் ஒரு படுக்கை, பதினொரு நாள்.
கொரியாக்காரரின் துளைப்பான், இரவல்.
இரவலுக்கு எந்தக் குறியீட்டு எண்?
கம்பளிக் கையுறை, மூன்று ஜோடி.
ஓரத்தில் பென்சிலால்:
'ஒன்று, துளைப்பான் தந்தவருக்கு.'

"பனியே பெய்யாத ஊருக்கு
எதற்கு இத்தனை ரிங்கிட்?"
புவான் ரொஹைசான் கேட்டார்.
போன மாதம் நானும் கேட்டேன்.
கோமளவல்லி கீழே கூட்டிப்போய்
உறைபெட்டியைத் திறந்தாள்.
வெண்புகை என் செருப்பில் வழிந்தது.
உள்ளே விரல் நீளக் குப்பிகளில் மண்.
பாதி இங்கே, பாதி இஞ்சியோனில்.
"இங்கே கரண்டு போனாலும்
அங்கே இருக்குமில்ல."
அம்மா நகையை
இரண்டு வீட்டில் பிரித்துவைத்த கணக்குத்தான்.

மத்தியானம் இடி. விளக்கு அணைந்து வந்தது.
பேனாவோடு மூன்று மாடி இறங்கி ஓடினேன்.
பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க மேலே வந்து
மூன்றாவது ஜோடிக்கு நேரே
'கருவி வாடகை' என்றெழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
வியர்வையில் மை கொஞ்சம் கலைந்தது.