சுவர் இரைச்சல்

வெள்ளிக்கிழமை விடியலில் பங்களாதேஷ் சந்தையில்
ஆறு கட்டு செலரி, இரண்டு முட்டைக்கோஸ், பழுத்துக் கனிந்த பப்பாளி.
"வீட்டில் விசேஷமா?" என்பான் கடைக்காரன் தேவாசகன்.
"கொலை" என்பேன்.
சிரித்துக்கொண்டே கொத்தமல்லி ஒரு பிடி சும்மா போடுவான்.

செலரி, கழுத்தெலும்பு.
முட்டைக்கோஸ், கத்தி இறங்கும் மார்பு.
பப்பாளியைப் பிளந்து விரல்விட்டுக் கிளறினால்
பார்ப்பவர்கள் பாப்கார்னைக் கீழே வைக்கும் இடம்.
சமையலுக்குக் கோஸ் நறுக்குவது மட்டும்
என் கணவர் வேலை.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
கார் நின்றே அறியாத கராஜ்.
முட்டை அட்டைகளும் பழைய மெத்தையும் அறைந்த சுவர்;
சுவருக்கு அந்தப்பக்கம் அம்பிகையின் அடுக்களை.
நகராட்சி கட்டிய வீடுகள்,
இரண்டு குடும்பத்துக்கு ஒரே முதுகெலும்பு.

முதல் படத்துக்கு நான் செய்துகொடுத்தது ஒரு கதவு.
துருவேறிய கீல். பாதியில் நிறுத்திய என் மூச்சு.
பின்னால் என்ன இருக்கிறதென்று
படம் கடைசிவரை சொல்லவில்லை.
கிரே தெரு அரங்கில் யாரோ எழுந்து
விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினார்.

இப்போது கேப் டவுனிலிருந்து இயக்குநர் எழுதுகிறார்:
எலும்பு பதினொரு நொடி முறிய வேண்டும்.
இன்னும் ஈரமாக.
தோல் மனமில்லாமல் விடுவதுபோல் விட வேண்டும்.
நல்ல மனிதர். மகளுக்குப் பல் விழுந்த படத்தை
அதே கடிதத்தில் அனுப்புகிறார்.
"ஜனங்களுக்குப் பழகிவிட்டது" என்கிறார்,
வெளியே தூறுகிறது என்பதுபோல.
எனக்கும்தான்.
பதினொரு நொடிக்கு நான்கு கட்டு போதுமென்று
கணக்குப் போட்டது என் கை.

அலறல்களும் நானே, தொண்டைக்குத் தனிக் கூலி.
முதல் வருடம் இரண்டு தடவை போலீஸ் வந்தது.
பிறகு தெரு என்னைச் சினிமாக்காரி ஆக்கிவிட்டது;
நாய்கள்கூடத் தலை தூக்குவதில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
மின்வெட்டு முடிந்து ஒன்பதரைக்கு விளக்கு வந்தது.
காதில் ஹெட்ஃபோன், அதற்குள்
வேறு யாருடைய காட்டிலோ நான் செத்துக்கொண்டிருந்தேன்,
பதினான்காம் முறை, பதினைந்தாம் முறை.
மைக் திறந்தே கிடந்தது.

மறுநாள் வெட்டி ஒட்டும்போது
இரண்டுக்கும் இடையில் என்னவோ தட்டுப்பட்டது.
மந்தமாக ஒரு மோதல்.
கரண்டி விழுகிறது.
ஒரு பெண்குரல், அரை நொடி, முடிக்காமல்.
குழாய்த் தண்ணீர், நெடுநேரம்.
சுவர் இரைச்சல் என்று பெயரிட்டு அழித்தேன்.
உள்ளதைச் சொன்னால் இன்னொன்றும் நினைத்தேன்:
குரலில் வலு இல்லை,
படத்தில் வைத்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அம்பிகை வந்தாள்.
தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.
அவன் டொங்காட்டில், அக்கா வீட்டில் இருக்கிறானாம்.
பல்லிடுக்கில் சொன்னாள்:
"நன்றாகத்தான் கத்தினேன், முதலில்.
எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.
பிறகு சாத்திக்கொண்டார்கள்.
நீ வேலை செய்கிறாய் என்று நினைத்திருப்பார்கள்."
குறை சொல்லவில்லை.
தேநீருக்கு ஸ்ட்ரா இருக்கிறதா என்று கேட்டாள்.

அன்றிரவு இயக்குநருக்கு ஒரு கதவை அனுப்பினேன்.
"அழகு" என்று பதில் வந்தது.
"ஆனால் திறந்து காட்டாவிட்டால்
காசைத் திருப்பிக் கேட்பார்கள்.
எலும்பு, பதினைந்து நொடி, முடியுமா?"
வீட்டுக் கடன் தவணை நான்காம் தேதி.
வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன்.
தேவாசகனிடம் கொலை என்று சொல்ல வாய் வரவில்லை.
கல்யாணம் என்றேன்.

மாலையில் அம்பிகை வருகிறாள்.
கராஜில் உட்கார்ந்து உறிஞ்சுகிறாள்.
காற்றும் தேநீரும் கலந்து ஏறி
கம்பியில் ஒருகணம் தடுக்கி
உள்ளே இறங்குகிற ஓசை.
இதுவரை நான் செய்த எதிலும் இல்லாத ஓசை.
என் கை அப்போது
பதிவுப் பொத்தான் பக்கம் போகவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.