முப்பத்தாறு தவணை

சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட்
விடுவது பதினொன்றே காலுக்கு.
சேவூர் வழியாகப் போகும் கடைசி பஸ்
பதினொன்றுக்கே போய்விடும்.
ஆட்டோவுக்கு நூற்றைம்பது.
மாசத்தில் பன்னிரண்டு ராத்திரி.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
கூட்டிப் பார்த்தாள் கோதைநாயகி:
முன்பணம் பதினெட்டாயிரம்,
தவணை மூவாயிரத்து இருநூறு,
பெட்ரோல், இன்சூரன்ஸ்,
ஹெல்மெட் ரெண்டு.
"பாதியை ஆட்டோக் காசே கட்டிடும்."
மீதி?
"மீதிக்கு நீ டீயை விடு."

காட்பாடி ஷோரூம் பையன்
"அறுபத்தஞ்சு குடுக்கும் சார்" என்று
சாவியை நீட்டினான்.
ரயில்வே மேம்பாலம் வரை ஓட்டினேன்.
சொன்ன பேச்சைக் கேட்டது வண்டி.
வீட்டில் எது கேட்கிறது இப்படி.

இறக்கத்தில்தான் உறைத்தது.
பகல் ஷிஃப்ட் வாரங்களில்
ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து
வாய் பிளந்து
உடம்பெல்லாம் தோல் வாடையோடு
திருவலம் பாலத்தில் பஸ் குலுங்கும்வரை
தூங்குவேனே,
சூப்பர்வைசர் இல்லை, அப்பா இல்லை,
கோதையின் புருஷன்கூட இல்லை
வெறும் ஒரு டிக்கெட்.
வண்டி ஓட்டுகிறவன் கண்ணை மூட முடியுமா?

அந்த அரைமணியை
வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா
என்று கேட்டேன்.

பேனாவைக் கடித்தபடி
பில்லைத் திருப்பினாள்.
கட்ட வேண்டிய கடைசித் தேதி
நேற்று.