வாடை, விதி 37

நூற்று எண்பத்தாறு பக்கத்தைத்
தொண்ணூறுக்குள் கொண்டு வா என்றார்கள்.
லான்சிங்கில் ஆறாவது மாடி,
ஜன்னல் திறக்காத அறை.
காற்றைப் பற்றிய சட்டத்தைக்
காற்று நுழையாத இடத்தில் வைத்துத்தான்
இந்த மாநிலம் திருத்துகிறது.

முதல் வாரம் சுலபம்.
நீராவி ரயில் எஞ்சின்களின் கரும்புகை பற்றி
மூன்று பக்கம். நீக்கம்.
புகையின் கறுப்பை அளக்கக்
கட்டம் போட்ட ஓர் அட்டை:
கையை நீட்டிப் பிடித்து
புகைபோக்கியோடு ஒப்பிட்டு
ஒன்று, இரண்டு, மூன்று என்று
அதிகாரி சொல்லிவிட வேண்டுமாம்.
அழகாயிருந்தது. நீக்கம்.
தூசிக்கு நான்கு இடத்தில் நான்கு வரையறை.
ஒன்றாக்கினேன்.
மாநிலத்தில் அன்று மூன்று தூசி குறைந்தது என்றாள்
பக்கத்து மேசை ஜெனிவீவ் நோவாட்ஸ்கி.

பிறகு வினைமுற்றுகளுக்கு வந்தோம்.
ஆலை அறிவிக்க வேண்டும்.
ஆலை அறிவிக்கலாம்.
மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
வித்தியாசமெல்லாம் வாலில்.
அந்த வாலைப் பிடிக்க
மூன்று வழக்கறிஞர்கள்
டெட்ராய்ட்டிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்து
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விதி 37. துர்நாற்றம்.
குடியிருப்பவர் புகார் சொன்னால்
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
ஆய்வாளர் நேரில் செல்ல வேண்டும்.
ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள்:
கருவியால் அளக்க முடியாதது, தேவையற்றது.
சிவப்புக் கோடு இழுத்தவள் நான்தான்.
யாரும் கையைப் பிடித்து இழுக்க வைக்கவில்லை.
ஒரு பக்கம் மிச்சம்.

எக்கோர்ஸ் நூலகத்தில் பொதுவிசாரணை, பிப்ரவரி.
நாற்பது மடக்கு நாற்காலி, ஆறு பேர்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஆர்லெட்டா பிக்கன்ஸ் பேசவில்லை, வாசித்தாள்.
வங்கி இலவசமாய்த் தந்த காலண்டர்,
நான்கு வருடத்துக்கு நான்கு.
மார்ச் ஒன்பது. மார்ச் பத்து.
மார்ச் பதினான்கு, பேத்தி பிறந்தநாள், கேக்கை உள்ளே வெட்டினோம்.
ஏப்ரல் இரண்டு.
ஒவ்வொரு தேதியின் கீழும்
பென்சிலில் ஒற்றை எழுத்து,
வடக்கு என்பதன் முதலெழுத்து.
இரண்டாம் காலண்டரின் ஜூலையில் மணி அடித்தது.
மூடி வைத்தாள்.
"நீங்கள் கருவி வாங்கும் வரைக்கும்
என் மூக்கைத் தற்காலிக ஊழியராக
வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வேண்டாம்."
சிரித்தவர்களில் வழக்கறிஞர் ஒருவரும் உண்டு.

நான் சிரிக்கவில்லை.
வடக்கு என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.
கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல்,
மேற்கு கோடை, தெற்கு தென்றல்,
வடக்கிலிருந்து வந்தால் வாடை.
நாற்றத்துக்கும் வாடை என்றுதான் பெயர்.
ஒரே சொல்லுக்கு இரண்டு வரையறை,
இத்தனை வாரமாய் நான் தேடித் தேடி
அழித்துக்கொண்டிருந்த அதே பிழை.
எக்கோர்ஸில் அது பிழையில்லை.
ஆலை வடக்கே இருக்கிறது.

திரும்பிப் போய்க் கோட்டை எடுத்தேன்.
வீரமெல்லாம் ஒன்றுமில்லை,
ஒரு பொத்தான், ஒரு மின்னஞ்சல்,
பதினோரு நாள் பதில் வராத மின்னஞ்சல்.
வந்தபோது பாதி வந்தது.
'வேண்டும்' இருக்கலாம் என்றார்கள்.
இருபத்து நான்கு மணி நேரம்
இரண்டு வேலை நாட்கள் ஆனது.

மொத்தம் தொண்ணூற்றொரு பக்கம்.
ஒன்று கூடுதல் என்றார்கள்.
எழுத்தின் அளவை
அரைப் புள்ளி குறைத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வாடை வீசினால்
ஆய்வாளர் செவ்வாய்க்குள் வந்தாக வேண்டும்.
செவ்வாய்க்குள் காற்று திரும்பியிருக்கும்.
தென்றல், தெளிந்த வானம்,
ஜன்னல் திரை கூட அசையும்.
கையில் படிவத்தோடு அவன் மூக்கை உறிஞ்சிப் பார்க்க
ஆர்லெட்டா கதவைத் திறந்து
எதைக் காட்டுவாள்?

ஐந்தாவது காலண்டரை.