தட்டினால் திற

ஃபரோ தீவில், வெஸ்ட்மன்னா நீரிணையில், சால்மன் கூண்டு.
தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் என்று
எழுத்தெழுத்தாய்ச் சொல்லும் ஒரு கருவி.

ரன்வா முதலில்
ஓயாமல் கேட்கும்படி எழுதினாள்:
வந்ததா, வந்ததா, வந்ததா.
ஒன்பதே நாளில் பேட்டரி செத்தது.

சரி, நீ தூங்கு என்றாள் சிப்பிடம்;
எழுத்து வந்தால் தட்டி எழுப்பும்.
கோடை முழுக்க ஒழுங்காகத்தான் தட்டியது.

நவம்பர் புயலில் கேபிளுக்குள் உப்புநீர்.
எல்லாம் பொய்த்தட்டு.
எழுந்து கதவைத் திறப்பதற்கே
அதற்குப் பொழுது போதவில்லை;
மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று
யார் சொல்ல?
விடிந்ததும் மூவாயிரம் வெள்ளை வயிறுகள்.

இப்போது தட்டுவதற்கு வழியில்லை.
மில்லிநொடிக்கொரு தடவை
அதுவே எட்டிப் பார்க்கிறது.
பேட்டரி மாற்ற
வாராவாரம் படகெடுக்கிறான் ஹானுஸ்,
அவளைத் திட்டிக்கொண்டே.