வியாழக்கிழமைப் படகு

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சிப்பித் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து
ரப்பர் காலணியைக் கழற்றிய எதெல்மிரா
கட்டைவிரல் நகத்தடியில்
பென்சில் கோடுபோல் ஒரு கருப்பைப் பார்த்தாள்.

சமையலறை விளக்கில் படமெடுத்து
கைபேசியிடம் கேட்டாள்.
இரத்தக்கட்டாக இருக்கலாம் என்றது,
மருத்துவரைப் பாருங்கள் என்றும்.
மருத்துவர் என்றால் இரண்டு படகு,
ஒரு நாள் கூலி.

மறுநாள்
இரும்புக்கூடை விழுந்த கதையைச் சேர்த்துக் கேட்டாள்.
அது விழுந்தது இடது காலில்.
அடுத்த வாரம்
'ஐந்து மாதமாக' என்பதை விட்டுவிட்டுக் கேட்டாள்.
கேள்வி சுண்டச் சுண்ட
பதில் இனித்துக்கொண்டே வந்தது,
பாகு மாதிரி.

அதைக் குறை சொல்ல முடியாது.
சொன்னதற்குத்தானே சொல்லும்.

வியாழக்கிழமைப் படகில் செவிலியர் ஒசியேல் வந்தான்.
தடுப்பூசிக்குத்தான் போனாள்.
அவள் கால் தாங்கி நடப்பதை அவன் பார்த்துவிட்டான்.
"காலணியைக் கழற்றுங்கள்."
"வெறும் இரத்தக்கட்டு."
"கழற்றுங்கள்."

முட்டிபோட்டு உட்கார்ந்து
சிப்பி நாறும் பாதத்தை
மடியில் ஏந்திக்கொண்டான்.
நகம் தாண்டித் தோலுக்கும் படர்ந்திருந்த கருப்பை
விரலால் அழுத்தினான்.
பிறகு
ஒன்றும் பேசவில்லை.

இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த
முதல் பதில் அது.

"கூடை விழுந்ததா? எந்தக் காலில்?"

கூரைத் தகரத்தில் மழை
தானே பதில் சொல்வதுபோல் கொட்டியது.

"இடது," என்றாள்,
வலது காலை அவன் மடியிலிருந்து எடுக்காமல்.
"ஐந்து மாதமாகிறது."

நான்கு மணிப் படகில்
இன்னோர் இடம் வைக்கச் சொல்லி
அவன் ஆளனுப்பினான்.